புதிய கன்சோலில் இண்டி கேமா, பெரிய எக்ஸ்க்ளூசிவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் ஆடுவதற்கென்றே உள்ள இயந்திரமான கன்சோல் ஒன்று புதிதாக வெளியாகும் ஒவ்வொரு முறையும் என்னிடம் வரும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. சிலர் வாங்கும் முன் கேட்கிறார்கள். சிலர் வாங்கிவிட்டு, "ஆட ஒன்றுமே இல்லையே" என்று வருகிறார்கள். அவற்றையெல்லாம் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு கன்சோலின் முதல் இரண்டு வருடங்களில் என் ஓட்டு சின்ன கேம்களுக்குத்தான்.

இண்டி கேம்னா சின்ன கேம், மலிவான கேம்னு அர்த்தமா?

பெரும்பாலும் சின்னதாகவும் மலிவாகவும் இருக்கும். ஆனால் அதனாலேயே ஒரு கேம் இண்டி ஆகிவிடாது. பெரிய நிறுவனத்தின் பணமும் உத்தரவும் இல்லாமல், செய்கிறவர்களே முடிவெடுத்துச் செய்வது என்பதுதான் பொதுவான புரிதல். ஸ்டார்டியூ வேலியின் படம், இசை, நிரல், கதை எல்லாவற்றையும் எரிக் பரோன் தனி ஆளாக நான்கு வருடங்களுக்கு மேல் உட்கார்ந்து செய்தார். 2016இல் வெளியான அந்த கேம் இதுவரை 4 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஹாலோ நைட்டைச் செய்த டீம் செர்ரி, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவு குழு.

எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருக்காது. 2023இல் டேவ் தி டைவர், தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த இண்டி பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது பெரிய வாக்குவாதம் நடந்தது. அதைச் செய்த மின்ட்ராக்கெட், நெக்ஸான் என்ற பெரிய நிறுவனத்தைச் சேர்ந்தது. மறுபக்கம், பால்டர்ஸ் கேட் 3ஐச் செய்த லாரியன் தன் கேமைத் தானே வெளியிடும் நிறுவனம், ஆனால் அங்கே வேலை செய்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நான் இண்டி என்று சொன்னால் சிறிய குழு, சொந்த முடிவு இரண்டும் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்க்ளூசிவ்னா அந்தக் கன்சோல்ல மட்டும்தான் வருமா? எப்பவுமே அப்படியேதான் இருக்குமா?

இதில் மூன்று வகை இருக்கிறது. முதலாவது, கன்சோல் நிறுவனம் (பிளேஸ்டேஷனுக்கு சோனி, எக்ஸ்பாக்ஸுக்கு மைக்ரோசாஃப்ட், ஸ்விட்ச்சுக்கு நின்டெண்டோ) தன் சொந்த ஸ்டுடியோவில் செய்வது. நின்டெண்டோவின் மரியோ, செல்டா வரிசை இந்த வகை. இரண்டாவது, வெளி ஸ்டுடியோ செய்ததைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒரே கன்சோலில் தருவது. மூன்றாவது, மற்ற கன்சோல்களில் வராது, ஆனால் பிசியில் வரும் என்பது. விளம்பரத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்லைத்தான் போடுகிறார்கள். கீழே சின்ன எழுத்தில் "கன்சோல் எக்ஸ்க்ளூசிவ்" என்றோ "குறிப்பிட்ட காலத்துக்கு" என்றோ இருக்கிறதா என்று பாருங்கள்.

"எப்பவுமே" என்ற உறுதியை இப்போது யாரும் தருவதில்லை. கப்ஹெட் 2017இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் பிசியிலும் வந்தது, 2019இல் ஸ்விட்ச்சுக்கும் 2020இல் பிளேஸ்டேஷன் 4க்கும் போய்ச் சேர்ந்தது. பிளேஸ்டேஷனில் மட்டும் இருந்த ஹொரைசன் ஸீரோ டான் 2020இல் பிசிக்கு வந்தது. 2024இல் மைக்ரோசாஃப்ட் தன் கேம்கள் நான்கை மற்ற கன்சோல்களுக்குத் திறந்துவிட்டது. 2025 ஏப்ரலில் அதன் ஃபோர்சா ஹொரைசன் 5 பிளேஸ்டேஷன் 5இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2, எக்ஸ்பாக்ஸில் வந்தது. பத்து வருடங்களுக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பெரிய கேம் பண்ண அப்படி என்னதான் செலவாகும்?

நிறுவனங்கள் வழக்கமாகக் கணக்கு சொல்லாது. 2023இல் மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்குவது தொடர்பாக அமெரிக்காவில் நடந்த வழக்கில் சோனி தாக்கல் செய்த ஆவணங்களில் ரகசிய எண்களைக் கறுப்பு மையால் சரியாக அழிக்காமல் விட்டுவிட்டார்கள். அப்படித்தான் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2க்கு சுமார் 22 கோடி டாலரும், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு சுமார் 21 கோடி டாலரும் செலவானது வெளியே தெரிந்தது.

இதில் பெரும் பங்கு சம்பளம்தான். நூற்றுக்கணக்கான பேர், ஐந்து வருடம் போல. கல்லில் படிந்த பாசி, உடையின் மடிப்பு, பேசும்போது அசையும் கன்னம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க: 2008இல் எக்ஸ்பாக்ஸ் 360இல் வந்து இண்டி அலையைக் கிளப்பிய பிரெய்டுக்கு, ஜோனதன் பிளோ தன் கையிலிருந்து போட்டது சுமார் 2 லட்சம் டாலர். ஆயிரம் மடங்கு வித்தியாசம். செலவு இவ்வளவு உயர்ந்தால் துணிச்சல் குறையும். இருபது கோடி டாலர் போட்டவர்கள், ஏற்கெனவே விற்ற ஒன்றின் அடுத்த பாகத்தைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

புது கன்சோல் வாங்கிட்டேன். அதுக்குன்னே வந்த பெரிய கேம் ரெண்டு மூணுக்கு மேல இல்லையே, ஏன்?

மேலே சொன்ன ஐந்து வருடக் கணக்குதான் காரணம். கன்சோல் கடைக்கு வரும் நாளில் தயாராக இருக்க வேண்டிய கேமை, அந்த இயந்திரத்தின் வடிவமே முடிவாகாத காலத்தில் தொடங்கியிருக்க வேண்டும். அதனால் நாள் தவறுவது சகஜம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2020 நவம்பரில் வந்தது. அதனுடன் வர வேண்டிய ஹேலோ இன்ஃபினிட் 2021 டிசம்பரில்தான் வந்தது.

இன்னொரு காரணம் வியாபாரம். புதிய கன்சோல் வைத்திருப்பவர்கள் சில லட்சம் பேராக இருக்கும்போது, பழைய கன்சோல் பத்துக் கோடி வீடுகளில் இருக்கும். இவ்வளவு செலவு செய்தவர்கள் அந்தப் பத்துக் கோடியை விட மனம் வராமல் இரண்டுக்கும் சேர்த்தே செய்கிறார்கள். காட் ஆஃப் வார் ராக்னராக், பிளேஸ்டேஷன் 5 வந்து இரண்டு வருடம் கழித்து 2022 நவம்பரில் வந்தது. அப்போதும் பிளேஸ்டேஷன் 4இலும் சேர்ந்தே வந்தது. ஒரு கன்சோலுக்கென்றே செய்த பெரிய கேம்கள் தாராளமாக வரத் தொடங்குவது மூன்றாவது வருடத்தை ஒட்டித்தான்.

அப்போ முதல் ரெண்டு வருஷம் இண்டி கேமை வெச்சு ஒப்பேத்தணுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். ஒப்பேற்றுவது என்ற எண்ணமே தவறு. கன்சோல் அறிமுகங்களின் வரலாற்றைப் பாருங்கள். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது பலர் விடாமல் ஆடியது, இணையத்தில் இறக்கிக்கொள்ளக்கூடிய ஜியோமெட்ரி வார்ஸ். கறுப்புப் பின்னணியில் ஒளிரும் கோடுகள், இரண்டு ஸ்டிக், அவ்வளவுதான். 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது, கில்ஸோன், நாக் என்று சோனி பெரிதாக முன்னிறுத்திய கேம்களைவிட நல்ல பெயர் வாங்கியது ஃபின்லாந்தின் ஹவுஸ்மார்க் செய்த ரெசோகன். அறிமுக நாளில் சந்தாதாரர்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஜெர்மனியின் ஷின்என். மிகச் சின்னக் குழு. 2012இல் நின்டெண்டோவின் வீ யூ கன்சோல் வந்த நாளில் அவர்களின் நானோ அசால்ட் நியோ தயாராக இருந்தது. 2017இல் ஸ்விட்ச் வந்த நாளில் ஃபாஸ்ட் ஆர்எம்எக்ஸ். 2025 ஜூன் 5ஆம் தேதி ஸ்விட்ச் 2 வந்த நாளில் ஃபாஸ்ட் ஃபியூஷன், விலை 15 டாலர். அதே நாளில் வந்த மரியோ கார்ட் வேர்ல்டின் விலை 80 டாலர். ஃபாஸ்ட் ஃபியூஷன் வேறு எந்த கன்சோலிலும் இல்லை. அதாவது அதுவும் எக்ஸ்க்ளூசிவ்தான்! இயந்திரத்தின் சக்தியைக் காட்டப் பெரிய பட்ஜெட் கட்டாயம் வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த மூன்றையும் ஆடிப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. சிறிய குழுவில் நிரலை எழுதுபவருக்கு முழு கேமும் தலைக்குள் இருக்கும். கன்சோல் கைக்கு வந்த சில மாதங்களில் அதன் மூலைமுடுக்கெல்லாம் பழகிவிடுவார். முந்நூறு பேர் இருக்கும் இடத்தில் அந்த வேகம் வராது.

இண்டி கேம்தான் ஆடப்போறேன்னா புது கன்சோல் எதுக்கு? பழசுலயே ஓடுமே?

சரியான கேள்வி. உங்களிடம் பழைய கன்சோல் நல்ல நிலையில் இருந்து, ஆட நினைப்பது இண்டி கேம்கள் மட்டும்தான் என்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள். 2025 செப்டம்பரில் வந்த ஹாலோ நைட்: சில்க்சாங், பழைய ஸ்விட்ச்சிலும் பிளேஸ்டேஷன் 4இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் கூட ஓடுகிறது. பலாட்ரோ என்ற சீட்டாட்ட கேமுக்கு எந்தக் கன்சோலும் போதும்.

வாங்குவதில் அர்த்தம் இருக்கும் இடங்கள் வேறு. லோடிங் நேரம் பெரிதாகக் குறையும். செத்துச் செத்துத் திரும்ப ஆடும் கேம்களில் இது சின்ன விஷயம் இல்லை. பழைய ஸ்விட்ச்சில் திணறிய சில இண்டி கேம்கள் புதியதில் சீராக ஓடுகின்றன. அப்புறம், இப்போதைய கன்சோல்கள் முந்தைய தலைமுறை கேம்களை ஏற்பதால், நீங்கள் ஏற்கெனவே டிஜிட்டலில் வாங்கியவையும் கூடவே வந்துவிடும். பழைய கன்சோல் பழுதாகும் நாள் வரை காத்திருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

4கே டிவி வாங்கி வெச்சிருக்கேன். அதுல புள்ளி புள்ளியா வரைஞ்ச பிக்சல் கேம் ஆடினா வேஸ்ட் இல்லையா?

இல்லை. படத்தின் நுணுக்கம் வேறு, படத்தின் அழகு வேறு. ஒரு குழு கையாலேயே வரைந்த கப்ஹெட்டைப் பெரிய திரையில் பார்த்தால் 1930களின் கார்ட்டூன் உயிர்பெற்றது போலிருக்கும். டிவியின் முழுத்திறனைப் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கென்று ஒரு பெரிய கேமை வாங்குங்கள், தவறே இல்லை. ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் அதற்கு நல்ல தேர்வு.

பெரிய கேம் 70 டாலர், இண்டி 20 டாலர். மணிக்கணக்குல பார்த்தா பெரிய கேம்தானே லாபம்?

மணிக்கணக்கு ஏமாற்றும். பெரிய கேம் ஐம்பது மணி நேரம் என்றால், அதில் பாதி வரைபடத்தில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நடப்பதாக இருக்கலாம். 20 டாலருக்கு வந்த சில்க்சாங் பலருக்கு ஐம்பது மணி நேரத்தைத் தாண்டுகிறது. மறுபக்கம், ஜர்னி என்ற கேமை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். 2012இல் ஆடியவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் எத்தனை கேம்களைக் கடைசி வரை முடித்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முடிக்காத 70 டாலர் கேமுக்கு எந்தக் கணக்கும் சரிவராது.

விலை இறங்கும் விதமும் முக்கியம். சோனி, மைக்ரோசாஃப்ட்டின் பெரிய கேம்கள் ஒரு வருடத்தில் தள்ளுபடிக்கு வந்துவிடும். அதற்குள் பிழைகளும் பேட்ச் எனப்படும் திருத்தங்களில் சரியாகியிருக்கும். நின்டெண்டோவின் சொந்த கேம்களுக்கு இது பொருந்தாது. பல வருடம் ஆனாலும் விலை அதிகம் இறங்காது, அதனால் ஆசைப்பட்டால் ஆசைப்பட்டபோதே வாங்கிவிடலாம். இண்டி கேம்கள் அடிக்கடி தள்ளுபடிக்கு வரும், ஆனால் மிகப் பிடித்த ஸ்டுடியோ என்றால் முழு விலை கொடுத்து முதல் வாரத்தில் வாங்குவதை நான் ஆதரிக்கிறேன். முதல் சில வாரங்களின் விற்பனைதான் அவர்களின் அடுத்த கேமுக்கான சம்பளம்.

ஸ்டோரேஜ் பத்துமா?

பெரிய கேம்களுக்குப் பத்தாது. பிளேஸ்டேஷன் 5 முதலில் வந்தபோது 825 ஜிபி, அதில் நாம் பயன்படுத்தக் கிடைப்பது சுமார் 667 ஜிபி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் 512இல் சுமார் 364. ஸ்விட்ச் 2இல் மொத்தமே 256. பெரிய கேம்களில் பலவும் 100 ஜிபியை நெருங்குகின்றன, அதாவது பிளேஸ்டேஷன் 5இலேயே ஆறேழு கேமில் இடம் முடிந்துவிடும். பலாட்ரோ சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். இண்டி கேம்கள் நாற்பது வைத்திருந்தாலும் இடம் ஒரு பிரச்சினையாக வராது.

சந்தா எடுத்தா எல்லாம் வந்துடுமே, தனியா எதுக்கு வாங்கணும்?

சந்தா, அதாவது தொடர்ந்து பணம் கட்டிப் பட்டியலில் உள்ள கேம்களை ஆடுவது, இண்டி கேம்களைக் கண்டுபிடிக்க அருமையான வழி. சயானிக்ஸ் என்ற சிறிய ஸ்டுடியோ 2008இல் கார்களை வைத்துக் கால்பந்து ஆடும் கேம் ஒன்றைச் செய்தபோது அது பெரிதாகப் பேசப்படவில்லை. அதே யோசனையைச் செதுக்கி 2015 ஜூலையில் ராக்கெட் லீக் என்ற பெயரில் சோனியின் சந்தாவான பிளேஸ்டேஷன் பிளஸில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் உலகமே அதை ஆடியது. 2020இல் ஃபால் கைஸுக்கும் அதேதான் நடந்தது. 2022இல் பூனையாகத் திரியும் ஸ்ட்ரே, வெளியான நாளிலேயே சந்தாவில் வந்தது.

இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். சோனி தன் சொந்தப் பெரிய கேம்களைப் பொதுவாக முதல் நாளே சந்தாவில் போடுவதில்லை. அதனால் அவற்றை மட்டும் எதிர்பார்த்துச் சந்தா எடுத்தால் ஏமாற்றம்தான். இரண்டாவது, பட்டியலிலிருந்து கேம்கள் நீங்கிக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் வெளி ஸ்டுடியோக்களின் கேம்கள். பாதி ஆடிய ஒன்று அடுத்த மாதம் இல்லாமல் போகலாம். மெதுவாக ஆடுகிறவர் என்றால், பிடித்ததை மட்டும் விலை கொடுத்து வாங்கிக்கொள்வது நிம்மதி.

கன்சோல் ஸ்டோர்ல சின்ன கேம் ஆயிரக்கணக்குல கொட்டிக் கிடக்கு. பாதி குப்பையா இருக்கு. நல்லதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குப்பை நிறைய இருப்பது உண்மை. பிரபலமான கேமின் பெயரையும் படத்தையும் லேசாக மாற்றி விற்பவர்கள் எல்லா ஸ்டோரிலும் இருக்கிறார்கள். ஸ்டோரின் முகப்புப் பக்கத்தில் தேடாதீர்கள். நல்ல இண்டி கேம்களில் பெரும்பாலானவை பிசியிலும் இருக்கும். அங்கே ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படியுங்கள். நூறு வார்த்தை புகழ்ச்சியைவிட, இருபது மணி நேரம் ஆடிவிட்டு எழுதிய ஒரு குறை அதிகம் சொல்லும். டெமோ இருந்தால் கட்டாயம் ஆடுங்கள். பிடித்த கேமின் கீழே இருக்கும் ஸ்டுடியோவின் பெயரைக் குறித்து வையுங்கள். பேஸ்டியன், டிரான்சிஸ்டர், ஹேடீஸ் மூன்றும் சூப்பர்ஜெயன்ட் என்ற ஒரே ஸ்டுடியோவின் கை. ஒன்று பிடித்தால் மற்றவையும் பெரும்பாலும் பிடிக்கும்.

கன்சோலுக்கான போர்ட், அதாவது கன்சோலுக்கு மாற்றிய பதிப்பு, எப்படி இருக்கிறது என்று தனியாகப் பாருங்கள், பிசியில் பாராட்டு வாங்கியது கன்சோலில் திணறலாம். திணறினாலும் கன்சோலில் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். பிளேஸ்டேஷனில் 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டால் வழக்கமாகக் கிடைக்காது. நின்டெண்டோவில் வாங்கினால் வாங்கியதுதான்.

பிசில வந்த இண்டி கேம் கன்சோலுக்கு வர ஏன் ஒரு வருஷம் ஆகுது?

ஆட்கள் இல்லாததுதான் முதல் காரணம். கன்சோலில் வெளியிட, நிறுவனத்திடம் அனுமதி பெற்று, டெவ் கிட் எனப்படும் சிறப்பு இயந்திரத்தை வாங்கி, அதற்கேற்ப நிரலை மாற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு நிறுவனமும் வைக்கும் சோதனை. கன்ட்ரோலர் பாதியில் துண்டிக்கப்பட்டால் என்ன ஆகிறது, சேமிக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகிறது என்று நீண்ட பட்டியல். மூன்று பேர் இருக்கும் ஸ்டுடியோவில், பிசியில் வந்த பிழைகளைச் சரிசெய்பவரும் இதைச் செய்பவரும் ஒரே ஆள். ஹாலோ நைட் 2017 பிப்ரவரியில் பிசியில் வந்தது, ஸ்விட்ச்சுக்கு 2018 ஜூனில், மற்ற இரண்டுக்கும் அதே ஆண்டு செப்டம்பரில்.

முன்பு பேட்ச் வெளியிடவே காசு கேட்டார்கள். 2012இல் ஃபெஸ் கேமின் ஒரு பேட்ச்சில் சிலருடைய சேமிப்பு அழிந்துபோகும் பிழை இருந்தது. மறுபடி பேட்ச் அனுப்பப் பல்லாயிரம் டாலர் ஆகும் என்பதால் ஸ்டுடியோ அதை அப்படியே விட்டுவிடுவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கன்சோல் இண்டிகளுக்கு வாழத்தக்க இடமாக மாறியது என்பேன்.

சின்ன டீம் பாதியில விட்டுட்டுப் போயிட்டா? பெரிய கம்பெனின்னா ஒரு நம்பிக்கை இருக்கே.

பெரிய பெயர் பாதுகாப்பு தராது. சோனி வெளியிட்ட கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி வந்தது. செப்டம்பர் 6ஆம் தேதி சர்வரை மூடி, எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம்! சைபர்பங்க் 2077 பிழைகள் மிகுந்து போனதால் 2020 டிசம்பரில் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே எடுக்கப்பட்டு ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பியது. பாராட்டுகள் குவிந்த ஹை-ஃபை ரஷ் கேமைச் செய்த டாங்கோ ஸ்டுடியோவை 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மூடுவதாக அறிவித்தது. பிறகு கிராஃப்டன் என்ற கேம் நிறுவனம் அதை வாங்கிக் காப்பாற்றியது.

சின்னக் குழுக்களிலும் கைவிடப்படுவது நடக்கும், முக்கியமாக முழுமையடையாத நிலையில் முன்கூட்டியே விற்கப்படும் கேம்களில். ஆனால் நோ மேன்ஸ் ஸ்கையைப் பாருங்கள். 2016இல் சொன்னதில் பல இல்லாமல் வந்து கடும் விமர்சனம் வாங்கியது. அதைச் செய்த ஹலோ கேம்ஸ் வருடக்கணக்காக இலவச அப்டேட்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தது, கேம் இன்று வேறு உருவத்தில் இருக்கிறது. வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சர்வர் இல்லாமல் இந்த கேம் ஓடுமா? ஓடும் என்றால், செய்தவர்கள் நாளை கடையை மூடினாலும் உங்களிடம் இருப்பது உங்களிடமே இருக்கும்.

நல்லாப் போற இண்டி ஸ்டுடியோவை பெரிய கம்பெனி வாங்கிட்டா அவ்வளவுதானா?

மேலே டாங்கோவுக்கு நடந்ததைப் பார்த்தால் பயம் நியாயமானது. ஆனால் ஹவுஸ்மார்க் கதை வேறு. ரெசோகன் செய்த அதே குழு, 2017இல் நெக்ஸ் மெஷினா விற்காமல் போன பிறகு, ஆர்கேட் பாணிக்கு (காசு போட்டு ஆடும் பழைய இயந்திரங்களின் வேகமான ஆட்டத்துக்கு) எதிர்காலம் இல்லை என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டு வேறு வழி தேடியது. சோனியின் பணத்தில் ரிட்டர்னல் செய்தார்கள். 2021இல் பிளேஸ்டேஷன் 5இல் மட்டும் வந்தது. அதே வருடம் சோனி அவர்களை வாங்கியது. திரை முழுக்கப் பாயும் குண்டுகளுக்கு நடுவே நெளியும் அந்தப் பழைய ஆர்கேட் உயிர், ரிட்டர்னலில் பெரிய பட்ஜெட் உடம்புக்குள் அப்படியே இருக்கிறது. எனக்குப் பிளேஸ்டேஷன் 5இல் பிடித்த எக்ஸ்க்ளூசிவ் அதுதான்.

டபுள் ஃபைன் ஸ்டுடியோவை மைக்ரோசாஃப்ட் 2019இல் வாங்கியது. அவர்களின் சைக்கோநாட்ஸ் 2 வந்தபோது முன்பு வாக்களித்தபடி பிளேஸ்டேஷன் 4க்கும் கொடுத்தார்கள். ஆக, வாங்கியவர் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

முப்பது பேர் பண்ண கேம் பெரிய கேம் மாதிரியே இருக்கே, அப்போ பெரிய பட்ஜெட்டுக்கே அவசியம் இல்லையா?

கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பிடிஷன் 33ஐச் சொல்கிறீர்கள். அதைச் செய்தது பிரான்சின் மோன்பெல்லியேவில் இருக்கும் சாண்ட்ஃபால், சுமார் முப்பது பேர் கொண்ட மையக் குழு. 2025 ஏப்ரலில் வந்து, அந்த வருடத்தின் சிறந்த கேம், சிறந்த இண்டி இரண்டு விருதுகளையும் தி கேம் அவார்ட்ஸில் வாங்கியது. ஆனால் அசைவுகளுக்கும் சோதனைக்கும் வெளியாட்கள் இருந்தார்கள், பின்னால் ஒரு பதிப்பாளரின் பணம் இருந்தது, அன்ரியல் எஞ்சின் 5 என்ற ஆயத்தக் கருவியும் இருந்தது. முப்பது பேர் என்பது உண்மை, முழு உண்மை இல்லை.

பெரிய பட்ஜெட் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். செல்டா வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்டில் காற்று, நெருப்பு, மழை, உலோகம் எல்லாம் ஒன்றையொன்று பாதிக்கும் அந்த உலகத்தை ஐந்து பேர் செய்துவிட முடியாது. இடைப்பட்ட அளவில் நிறைய வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. 2024இல் சிறந்த கேம் விருது வாங்கிய ஆஸ்ட்ரோ பாட்டைச் செய்த டீம் அசோபியில் அறுபது பேர் அளவில்தான் இருந்தார்கள். சோனியின் சொந்த ஸ்டுடியோ, ஆனாலும் அளவான குழு, அளவான நீளம், சிந்தனை நிறைந்த கேம்.

எக்ஸ்க்ளூசிவே மாறிட்டு இருக்குன்னா, எதை வெச்சு எந்த கன்சோல்னு முடிவு பண்றது?

நின்டெண்டோவின் சொந்த கேம்கள் நின்டெண்டோவில் மட்டும்தான் வருகின்றன. அவை வேண்டுமென்றால் வேறு பேச்சே இல்லை. மைக்ரோசாஃப்டின் கேம்கள் இப்போது பிளேஸ்டேஷனுக்கும் வரத் தொடங்கிவிட்டன. சோனியின், ஒருவர் மட்டும் ஆடும் கேம்கள் எதிர்த்தரப்புக் கன்சோலுக்கு வருவது அபூர்வம், அவற்றில் பல ஒரு வருடமோ அதற்கும் மேலோ கழித்துப் பிசிக்கு வந்திருக்கின்றன. நல்ல பிசி வைத்திருப்பவர் இந்தக் கணக்கை வேறு மாதிரி போட வேண்டும்.

இண்டி கேம்கள் பெரும்பாலும் எல்லாவற்றிலும் வருவதால், அவற்றை எங்கே ஆடப் பிடிக்கிறது என்று பாருங்கள். படுக்கையிலும் பயணத்திலும் கையில் வைத்து ஆடுகிறவருக்கு ஸ்விட்ச் 2 பொருந்தும், வரவேற்பறையில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு மற்றவை. 2025 செப்டம்பரில் ஹேடீஸ் 2 முழுமையாக வந்தபோது, கன்சோல்களில் நின்டெண்டோவில் மட்டும்தான் முதலில் கிடைத்தது. அப்படிச் சில இண்டிகளும் ஒரு பக்கம் சாயும்.

கடைசியாக, ஒரு தாளில் இன்றைக்கே வாங்கி ஆடக்கூடிய கேம்களை மட்டும் எழுதுங்கள். டிரெய்லர் மட்டும் வந்தவற்றைச் சேர்க்காதீர்கள். எந்த கன்சோலுக்கு நேரே ஐந்து பெயராவது வருகிறதோ அதை வாங்கலாம். எதற்கும் வரவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள்.